சோழமண்டலச் சீட்டியும் ஜூயித் துணியும்: வடிவமைப்பில் வெகுமக்கள் பண்பாடு

முன்னுரை

துணி வடிவமைப்பின் வரலாறு பெரும்பாலும் சாயம், அச்சு, தறி ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. துணியில் இடம்பெறும் உருவங்கள் எங்கிருந்து பெறப்பட்டன என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஜூயி ஆலைத் துணிகள் தம் காலத்து மக்கள் பேச்சிலிருந்தும் நாடகம், நாவல் ஆகியவற்றிலிருந்தும் உருவங்களைப் பெற்றதைச் சோழமண்டலச் சீட்டித் துணிகளோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சோழமண்டலக் கரையின் கலை

கடுக்காய் நீரும் எருமைப்பாலும் ஊட்டிய துணியில் படிகாரம் கொண்டு எழுதி, சாயவேரில் இட்டுச் சிவப்பேற்றும் முறை சோழமண்டலக் கரையில் சிறந்து விளங்கியது. துவைத்தாலும் வெளிறாத இத்துணிகளுக்கு ஐரோப்பாவில் பெரும் வரவேற்பு இருந்தது. உள்நாட்டு நெசவாளர் நலன் கருதிப் பிரெஞ்சு அரசு 1686இல் இவற்றுக்குத் தடை விதித்தது. அத்தடை 1759இல் நீங்கியது. இதற்கிடையில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பொலியே 1734ஆம் ஆண்டளவில் புதுச்சேரியிலும், ஏசு சபைத் துறவி கேர்து 1742இல் தம் மடலிலும் இச்சாயமுறையைப் பதிவுசெய்தனர். தொழில் நுணுக்கம் இவ்வாறு எழுத்து வடிவில் கடல் கடந்தது.

ஜூயி ஆலையும் காலத்தின் காட்சிகளும்

தடை நீங்கிய மறு ஆண்டு, 1760இல், வெர்சாய் அருகிலுள்ள ஜூயியில் ஓபர்காம்ப் என்பார் அச்சுத் துணி ஆலையை நிறுவினார். 1770இல் அங்குச் செப்புத்தகடு அச்சு புகுந்தது. கடைகளில் விற்ற அச்சுப் படங்களும் செப்புத்தகட்டில் செதுக்கப்பட்டவையே. ஆதலால் படத்தின் நுண்கோடுகள் அனைத்தையும் துணிக்கு மாற்றுதல் எளிதாயிற்று. 1783இல் ஓவியர் உவே ஆலையில் சேர்ந்தார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று பாரிசிலிருந்து பறந்த வாயுக்கூண்டு கொனேஸ் என்னும் சிற்றூரில் விழுந்தது. ஊரார் அதனைக் கொடிய விலங்கென அஞ்சிக் கவைக்கோல்களால் குத்திக் கிழித்தனர். நாடே பேசிச் சிரித்த இந்நிகழ்ச்சி விரைவில் ஜூயித் துணியில் ஒருவண்ணச் சித்திரமாயிற்று. 1784இல் அரங்கேறிய பொமார்ஷேயின் ஃபிகாரோ நாடகமும், 1788இல் வெளிவந்த ‘போலும் விர்ஜினியும்’ நாவலும் அவ்வாறே துணியேறின. 1783இல் ‘அரச ஆலை’ என்னும் பட்டம் பெற்ற அதே ஆலை, 1790ஆம் ஆண்டின் புரட்சி விழாவையும் துணியில் அச்சிட்டது என்பது குறிப்பிடத்தக்கது. மக்கள் மனம் எத்திசை சென்றதோ அத்திசையிலேயே அச்சுத்தகடும் சென்றது எனலாம்.

ஒப்பீடு

இதனால் சோழமண்டலக் கலைஞரிடம் கற்பனை குன்றியிருந்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஐரோப்பிய வணிகக் குழுக்கள் தம் சந்தைக்கு ஏற்ற மாதிரிகளை அனுப்பின. கலைஞர் அவற்றைத் தம் கைவண்ணத்தால் மாற்றி எழுதினர். துணியை உடுத்துவோர் எதைக் கண்டு நகைத்தனர், எதைப் பற்றிப் பேசினர் என்பதை அறியும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. ஆனால் அதே கலைமரபு தன் மக்களுக்காக எழுதியபோது நிலை வேறு. கோயில் திரைச்சீலைகளிலும் தொம்பைகளிலும் இராமாயணக் காட்சிகள் வரிசையாக விரிந்தன. அவற்றின் கீழே விளக்க வாசகங்களும் எழுதப்பட்டன. கூத்திலும் கதைப்பாட்டிலும் மக்கள் கேட்டறிந்த கதைகளே அவை. ஜூயியில் நாடகம் துணியேறியதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

முடிவுரை

சோழமண்டலத்தின் சாய நுணுக்கத்தைப் பதிவுசெய்ய இயன்றது. மக்களோடு கலைஞர் கொண்டிருந்த உறவை அவ்வாறு எடுத்துச்செல்ல இயலவில்லை. ஜூயி அவ்வுறவைத் தன் மண்ணிலேயே உருவாக்கிக்கொண்டது. 1843இல் அவ்வாலை மூடப்பட்டது. எனினும் அதன் துணிகள் அக்கால மக்களின் வியப்பையும் நகைப்பையும் காட்டும் ஆவணங்களாக நிற்கின்றன. சோழமண்டலச் சீட்டிகளை ஏற்றுமதிப் பொருளாக மட்டும் நோக்காது, திரைச்சீலைகளோடு இணைத்து ஆராய்ந்தால் அக்கலைஞரின் சமூக மனமும் புலப்படும்.