செவ்ரோலெட் 350 டிரக் எஞ்சின்: சிலிண்டர் ஹெட், கார்புரேட்டர் தேர்வு

செவ்ரோலெட் 350 என்பது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தயாரித்த, எட்டு சிலிண்டர் கொண்ட வி8 பெட்ரோல் எஞ்சின். இதன் கொள்ளளவு 350 கன அங்குலம் (5.7 லிட்டர்), சிலிண்டர் விட்டம் 4 அங்குலம், பிஸ்டன் வீச்சு 3.48 அங்குலம். 1955ஆம் ஆண்டு மாடல்களில் 265 கன அங்குலத்துடன் தொடங்கிய ‘ஸ்மால் பிளாக்’ குடும்பத்தைச் சேர்ந்த இது, 1967 மாடல் கமாரோ காரில் அறிமுகமாகி, 1969 முதல் சி10 போன்ற பிக்கப் டிரக்குகளிலும் வந்தது. அந்த டிரக்குகளை மீட்டெடுப்போர் பெரும்பாலும் மாற்றும் பாகங்கள் சிலிண்டர் ஹெட்டும் கார்புரேட்டரும். இரண்டையும் தனித்தனியாக அல்லாமல், கேம்ஷாஃப்ட், மேனிஃபோல்ட், கியர் விகிதம் ஆகியவற்றோடு சேர்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

டிரக்கின் தேவை

பாரம் ஏற்றும் வண்டிக்கு வேண்டியது குறைந்த சுழற்சியில் கிடைக்கும் இழுவை. டிரக் எஞ்சின் பெரும்பாலும் நிமிடத்துக்கு 1,500 முதல் 3,500 சுற்றுக்குள்தான் உழைக்கிறது. அந்த வேகத்தில் காற்று மெதுவாகவே உள்ளே வருகிறது. ஹெட்டின் உள்வழித் துளையும் கார்புரேட்டரின் தொண்டையும் அளவுக்கு மீறி அகன்றிருந்தால் காற்றின் வேகம் மேலும் தளரும்; பெட்ரோல் நன்றாகத் தூளாகிக் கலக்காது. பந்தய எஞ்சினுக்கு வலிமை தரும் பெரிய பாகங்கள் டிரக்கில் இழுவையைக் குறைப்பதற்குக் காரணம் இதுவே.

சிலிண்டர் ஹெட்

முதலில் பார்க்க வேண்டியது எரிப்பறையின் கொள்ளளவு. 1970களின் 350 ஹெட்கள் பலவற்றில் அது சுமார் 76 சிசி. 1960களின் ‘டபுள் ஹம்ப்’ ஹெட்களிலும் பின்னாளில் வந்த ‘வோர்டெக்’ ஹெட்களிலும் சுமார் 64 சிசி. தட்டையான பிஸ்டனும் சாதாரண கேஸ்கெட்டும் உள்ள எஞ்சினில் 76 சிசி ஹெட் ஏறத்தாழ 8.6:1 கம்ப்ரஷன் தரும். 64 சிசி ஹெட் அதை ஏறத்தாழ 9.7:1 ஆக உயர்த்தும். கம்ப்ரஷன் கூடினால் அதே பெட்ரோலில் கூடுதல் இழுவை கிடைக்கும். ஆனால் பாரத்தோடு மேடேறும்போது எஞ்சின் தட்டும் அபாயமும் கூடும். குழிவான பிஸ்டன் உள்ள எஞ்சினில் இந்த எண்கள் இறங்கும் என்பதால், ஹெட் வாங்கும் முன் பிஸ்டனின் வடிவத்தை அறிய வேண்டும்.

1996 முதல் 5.7 லிட்டர் டிரக்குகளில் வந்த வோர்டெக் ஹெட், மிதமான செலவில் நல்ல பலன் தருவது. 1.94 அங்குல உள்வால்வும் 1.50 அங்குல வெளிவால்வும் கொண்ட இந்த வார்ப்பிரும்பு ஹெட்டில் உள்வழித் துளை சிறியதாக இருந்தும் காற்று தாராளமாக ஓடுகிறது. இதைப் பழைய பிளாக்கில் பொருத்தச் சில நிபந்தனைகள் உண்டு:

- போல்ட் அமைப்பு வேறு என்பதால் வோர்டெக்கிற்கென்றே செய்த இன்டேக் மேனிஃபோல்ட் தேவை.
- வால்வு கவரை நடுவில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். ஓரத்தில் இறுக்கும் பழைய கவர் பொருந்தாது.
- வால்வின் மேல்முனையில் தானே நேராக அமரும் ராக்கர் ஆர்ம் தேவை.
- மாற்றம் செய்யாத ஹெட்டில் வால்வு லிஃப்ட் சுமார் 0.460 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

பழைய ஹெட்டையே வைத்துக்கொள்பவர், 882 என்று முடியும் வார்ப்பெண் உள்ள ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று கட்டாயம் சோதிக்க வேண்டும். அந்த வார்ப்பு விரிசலுக்குப் பெயர்போனது. ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து ஹெட்களில் வெளிவால்வு இருக்கை மென்மையாக இருக்கலாம். ஈயம் இல்லாத பெட்ரோலில் பாரம் இழுத்தால் அது தேய்ந்து வால்வு உள்ளிறங்கும். அமெரிக்காவில் சாலை வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோல் 1996இல் முற்றிலும் தடைசெய்யப்பட்டதால், கடினப்படுத்திய இருக்கை வளையம் பொருத்துவது அவசியமான செலவு.

கார்புரேட்டரின் அளவு

கார்புரேட்டரின் திறன் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்று சொல்லப்படுகிறது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையே சிலிண்டர் நிரம்புகிறது. ஒரு கன அடியில் 1,728 கன அங்குலம். எனவே கொள்ளளவைச் சுழற்சியால் பெருக்கி 3,456ஆல் வகுக்க வேண்டும். 350 கன அங்குல எஞ்சின் 5,000 சுற்றில் 506 கன அடி கேட்கும். நிரம்பும் திறன் 85 விழுக்காடு என்றால் சுமார் 430 போதும். ஆகவே 600 கன அடி கார்புரேட்டரே இந்த டிரக்குக்குத் தாராளம்.

இரண்டு பேரல் கார்புரேட்டர்கள் 3 அங்குலப் பாதரச அழுத்த வேறுபாட்டிலும் நாலு பேரல் கார்புரேட்டர்கள் 1.5 அங்குலத்திலும் அளக்கப்படுகின்றன. அதனால் 500 என்று குறித்த இரண்டு பேரல், நாலு பேரல் கணக்கில் சுமார் 354 மட்டுமே.

வகைகள்

ரோச்செஸ்டர் குவாட்ராஜெட், 1965இல் வந்தது. இதன் முன் இரு பேரல்கள் சிறியவை, பின் இரண்டும் மிகப் பெரியவை. பெரும்பாலானவை 750 கன அடித் திறன் உள்ளவை என்றாலும், பின் பேரல்களின் மேலுள்ள காற்று வால்வு எஞ்சின் கேட்கும் அளவே திறப்பதால் இது 350க்குப் பொருந்துகிறது. சிக்கனமும் இழுவையும் ஒருசேர வேண்டுவோர், நிறுவனமே பொருத்திய இந்தக் கார்புரேட்டரைப் புதுப்பித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஹோலி 600 கன அடி மாடலில் வெற்றிடத்தால் திறக்கும் பின் பேரல் உள்ள வகை டிரக்குக்கு ஏற்றது. எடல்புராக் பெர்ஃபார்மர், பழைய கார்ட்டர் ஏ.எஃப்.பி. வடிவமைப்பின் வழிவந்தது; மீட்டரிங் ராடை மேலிருந்தே மாற்றலாம் என்பதால் சரிசெய்வது எளிது.

பொருத்துதல்

குவாட்ராஜெட்டுக்கும் சம அளவுத் துளை கொண்ட கார்புரேட்டர்களுக்கும் மேனிஃபோல்ட் மேல்தளம் வேறு. வோர்டெக் ஹெட்டில் மேனிஃபோல்டைச் சூடாக்கும் புகைவழி இல்லாததால், அந்தச் சூட்டில் இயங்கிய பழைய சோக் வேலை செய்யாது. மின்சார சோக் வேண்டும். பெட்ரோல் பம்பின் அழுத்தமும் பொருந்த வேண்டும்: எடல்புராக்கிற்கு 6.5 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது. 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சற்றே அடர்த்தியான கலவை தேவை. பழைய ரப்பர் குழாய்களையும் மாற்ற வேண்டும்.

ஹெட், கேம்ஷாஃப்ட், மேனிஃபோல்ட், கார்புரேட்டர் என்ற வரிசையில் முடிவெடுத்து, இக்னிஷன் டைமிங்கைச் சரியாக வைத்த பிறகே கார்புரேட்டரின் ஜெட்டை மாற்ற வேண்டும். டைமிங் பிழையைப் பெட்ரோலைக் கூட்டிச் சரிக்கட்ட முயன்றால் பிளக் கரிபிடிக்கும், பெட்ரோல் வீணாகும், நல்ல ஹெட்டும் தன் பலனைத் தராது.