கடுகு நுழையும் சந்து

அடுப்புக்கும் சமையல் மேடைக்கும் நடுவே ஒரு சந்து. விரல் நுழையாது, கடுகு நுழையும். தாளிக்கும்போது வெடித்துத் தெறிக்கும் கடுகு, கரண்டியிலிருந்து சொட்டும் தோசை மாவு, பொங்கி வழியும் பால், மேடையைத் துடைக்கிற துணி ஓரமாகத் தள்ளிவிடும் துவரம்பருப்பு எல்லாம் அதற்குள்தான் போய்ச் சேரும். பண்டிகை வருகிறதே என்று அடுப்பை இழுத்துப் பார்த்தால், எண்ணெயும் மாவும் தூசியும் ஒன்றாக இறுகி, தோசைத் திருப்பியால் சுரண்டினாலும் அசையாத பழுப்புப் பட்டை ஒன்று பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். எப்போதோ தொலைந்துபோன டீஸ்பூனும் அங்கேயே கிடக்கும்.

இந்தச் சந்தை மூடுவதற்கென்றே ஒரு பொருள் விற்பனைக்கு வந்திருக்கிறது. சிலிகோன் ரப்பரில் செய்த நீளமான பட்டை. முனையைப் பார்த்தால் ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவம்: மேலே இருபுறமும் தட்டையான இறக்கை, நடுவிலிருந்து கீழே இறங்கும் ஒரு தண்டு. தண்டு சந்துக்குள் இறங்கிவிடும். ஓர் இறக்கை அடுப்பின் மேலும் மற்றது மேடையின் மேலும் படிந்து உட்காரும். பசை கிடையாது, திருகாணி கிடையாது. நீளம் கூடுதலாக இருந்தால் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொள்ளலாம். அழுக்கானால் எடுத்துப் பாத்திரத்தோடு பாத்திரமாகக் கழுவி, பழையபடி வைத்துவிடலாம்.

இவ்வளவு சின்னப் பொருளுக்கு என்ன கதை இருக்கப்போகிறது என்று தோன்றும். ஆனால் இது பிறக்க இரண்டு வேண்டியிருந்தன: ஒரு சந்து, அதை மூட ஒரு ரப்பர். இதில் வேடிக்கை, சந்தைவிட ரப்பரின் மூலப்பிசின் வயதில் மூத்தது. அது கிடைத்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் சந்தே உருவாயிற்று.

முதலில் சந்து வந்த கதை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளின் சமையலறையில் எதுவும் எதையும் ஒட்டி நிற்கவில்லை. காஸ் அடுப்பு வளைந்த நீளக் கால்களில் தனியே நின்றது. காய் நறுக்கும் மேசை ஒரு மூலை, பாத்திரம் கழுவும் தொட்டி ஒரு மூலை. சிந்தியது தரையில் விழுந்தது. அடுப்புக்கு அடியில் விளக்குமாறு தாராளமாக நுழைந்தது. சந்து என்று சொல்ல அங்கே இடமே இல்லை.

வீட்டு வேலைக்கு ஆள் கிடைப்பது குறைந்தபோதுதான் இந்த அமைப்பின் மேல் கோபம் வந்தது. அமெரிக்காவில் கிறிஸ்டின் ஃபிரெடரிக் என்ற எழுத்தாளர், தொழிற்சாலையில் தொழிலாளியின் அசைவை அளப்பதுபோல, சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார் என்று எண்ணத் தொடங்கினார். 1912-ல் பெண்கள் பத்திரிகை ஒன்றில் கட்டுரைகளாக வந்து, அடுத்த ஆண்டே புத்தகமானது அவருடைய வாதம். பொருள்களைத் தூரத் தூர வைக்காதே, வேலை நடக்கும் வரிசையில் ஒட்டி ஒட்டி வை என்பதுதான் சாரம். அது ஜெர்மனியிலும் வாசிக்கப்பட்டது.

அங்கே முதல் உலகப்போருக்குப் பிறகு வீட்டுப் பஞ்சம். பிராங்க்ஃபர்ட் நகரத்தில் கட்டடக் கலைஞர் எர்ன்ஸ்ட் மாய் தலைமையில் ஆயிரக்கணக்கில் குடியிருப்புகள் எழும்பின. அவற்றுக்கான சமையலறையை வரைந்தவர் வியன்னாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷ்யூட்டெ-லிஹோட்ஸ்கி. ஆண்டு 1926. அகலம் சுமார் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டியில், இரண்டு பேர் நிற்கவே இடம் இல்லாத அறையில் நூறு பேருக்குச் சமைக்கிறார்களே, அந்த ஒழுங்கைத்தான் அவர் முன்மாதிரியாக வைத்துக்கொண்டார். மேசையும் அலமாரியும் தொட்டியும் சுவரோடு சுவராகச் சேர்ந்தன. மாவு வைக்க ஓக் மரப் பெட்டி, ஓக்கில் உள்ள டானின் புழு அண்டவிடாது என்பதற்காக. அலமாரிக்கு நீலச் சாயம், நீலத்தில் ஈ உட்காராது என்ற நம்பிக்கையில். காய் நறுக்கும் மேசையிலேயே ஓர் இழுப்பறை: தோலையும் காம்பையும் கையால் ஒதுக்கினால் நேரே அதில் விழும், நிறைந்ததும் உருவி எடுத்துக் கொட்டிவிடலாம். இப்படிச் சுமார் 10,000 சமையலறைகள் கட்டப்பட்டன.

அதை வரையும்வரை தான் சமைத்ததே இல்லை என்று பின்னாளில் அவரே சொல்லிக்கொண்டார். நம் வீட்டுப் பெண்கள் சிரிக்கலாம். ஆனால் காய்கறிக் குப்பை எங்கே போய் விழும் என்று யோசித்து அதற்கு இடம் ஒதுக்கத் தெரிந்திருந்தது அவருக்கு. தினமும் சமைத்துப் பழகியவர்களுக்கே அது பல சமயம் தோன்றுவதில்லை.

பிராங்க்ஃபர்ட் சமையலறையிலும் அடுப்பு தனியாகத்தான் நின்றது. அதை வரிசையில் சேர்த்தது 1930-களின் அமெரிக்கா. நாடக மேடை வடிவமைப்பிலிருந்து பொருள் வடிவமைப்புக்கு வந்த நார்மன் பெல் கெடஸ், ஒரு காஸ் அடுப்பு நிறுவனத்துக்காக அடுப்பின் கால்களை எடுத்துவிட்டார். உடல் தரைவரை இறங்கியது. வானளாவிய கட்டடத்துக்கு இரும்புச் சட்டம் கட்டிச் சுவரை அதில் தொங்கவிடுவதுபோல, எஃகுச் சட்டத்தில் வெள்ளை எனாமல் தகடுகள் மாட்டப்பட்டன. மூலை முடுக்கு இல்லை, வளைவு நெளிவு இல்லை, அடியில் அழுக்கு சேர இடமில்லை. அடுப்பு ஓர் அலமாரி போல ஆகிவிட்டது. பிறகு மேடையும் அடுப்பும் ஒரே உயரத்துக்கு, 36 அங்குலத்துக்கு வந்து நின்றன. விளம்பரப் படத்தில் பார்த்தால் சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே பரப்பு.

கிட்டப்போய்ப் பார்த்தால்தான் தெரியும், அது ஒன்றல்ல. மேடை சுவரோடு பொருத்தப்பட்டது. அடுப்பு தொழிற்சாலையிலிருந்து வந்து உள்ளே தள்ளப்பட்டது. காஸ் குழாயைப் பழுதுபார்க்க அதை வெளியே இழுக்க வேண்டும். சூடானால் உலோகம் விரியும். எந்த வீட்டுச் சுவரும் மூலைமட்டத்துக்குச் சரியாக இருக்காது. அதனால் 30 அங்குல இடத்துக்கென்று செய்யும் அடுப்பை ஒரு நூல் குறைத்தே செய்கிறார்கள். கொத்தனாரின் தவறு அல்ல இந்தச் சந்து. வேண்டுமென்றே விட்ட இடம். காலுக்கு அடியில் சேர்ந்த அழுக்கை ஒழிக்கப் போய், விளக்குமாறும் துணியும் எட்டாத பக்கவாட்டில் அதற்கு நிரந்தர வாடகை வீடு பார்த்துக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் என் கணிப்பு.

குடிவந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் சமையலறைகளில் ஓடும் சின்னப் பழுப்புக் கரப்பானுக்கு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1767-ல் வைத்த பெயரில் ஜெர்மனி இருக்கிறது. ஆனால் அதன் பூர்வீகம் ஜெர்மனி இல்லை. சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலோ மியான்மரிலோ, ஆசியக் கரப்பான் இனத்திலிருந்து பிரிந்து மனிதர்களோடு ஒட்டிக்கொண்டது என்று 2024-ல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. முதுகும் வயிறும் ஒருசேரச் சுவரில் உரசும்படியான இடுக்குதான் அதற்குப் பிடிக்கும். வளர்ந்த பூச்சிக்கு அரை சென்டிமீட்டர் போதும், குஞ்சுக்கு அதில் மூன்றிலொரு பங்கு. வெதுவெதுப்பு, இருட்டு, எண்ணெய்ப் பசை, சோற்றுப் பருக்கை. அடுப்போரச் சந்தில் இந்த நான்கில் எதற்குக் குறை?

இனி ரப்பர். அதன் கதை தொடங்குவது இங்கிலாந்தின் நாட்டிங்காமில், வேதியியல் பேராசிரியர் ஃபிரெடரிக் ஸ்டான்லி கிப்பிங்கிடம். அவருடைய சகலைகள் பெர்கின், லாப்வொர்த் இருவரும்கூடப் பெயர்பெற்ற வேதியியலாளர்கள். அக்கா தங்கைகள் மூவரைக் கட்டிய அந்த மூன்று பேருக்கும் வீட்டுப் பேச்சு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பெர்கினும் கிப்பிங்கும் சேர்ந்து எழுதிய கரிம வேதியியல் பாடநூல் பல தலைமுறை மாணவர்கள் படித்தது.

கிப்பிங் 1899 வாக்கில் எடுத்துக்கொண்ட வேலை, மணலில் இருக்கும் சிலிக்கான் தனிமத்தைக் கார்பன் சேர்மங்களோடு இணைப்பது. கார்பன் போலவே சிலிக்கானும் அழகழகான படிகங்களைத் தரும் என்று எதிர்பார்த்தார். சில சமயம் தந்தது. பல சமயம் குடுவையின் அடியில் பிசுபிசுவென்று கோந்துபோல ஏதோ தங்கியது. படிகமாகாது, வடித்தெடுக்க முடியாது, கழுவினாலும் போகாது. ஆய்வகத்தில் இப்படி ஒன்று தங்கினால் சோதனை கெட்டுவிட்டது என்று பொருள். நாற்பது ஆண்டுக்கு நெருக்கமாக, ஐம்பதுக்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர் அவர். 1930-களின் நடுவில், ஓய்வுபெறும் தறுவாயில், ராயல் சொசைட்டியில் ஆற்றிய உரையில் இந்தத் துறையில் பெரிய முன்னேற்றம் வரும் என்ற நம்பிக்கை தனக்கில்லை என்றே சொன்னார்.

அவர் எரிச்சலோடு ஒதுக்கிய பிசினை வேறு கண்ணால் பார்த்தது ஒரு கண்ணாடிக் கம்பெனி. நியூயார்க் மாநிலத்தில் உள்ள கார்னிங் நிறுவனத்துக்கு அப்போது கவலை பிளாஸ்டிக் பற்றி. கண்ணாடியின் இடத்தை அது பிடித்துவிடுமோ என்ற பயத்தில், இரண்டின் குணமும் சேர்ந்த ஒன்றைத் தேட ஜே. பிராங்க்ளின் ஹைட் என்ற கரிம வேதியியலாளரை வேலைக்கு வைத்தார்கள். ஹைட் கிப்பிங்கின் கட்டுரைகளைப் பிடித்துக்கொண்டு போனார். கண்ணாடி நாரின் மேல் பூசினால் மோட்டார் சூட்டைத் தாங்கும் பிசின் கிடைத்தது. விஷயம் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்கு எட்டி, அங்கே யூஜின் ரோகோ களத்தில் இறங்கினார். 1940 மே மாதம், செம்பு கலந்த சிலிக்கானைச் சூடாக்கி அதன் மேல் மெத்தில் குளோரைடு வாயுவை ஓடவிட்டார். கிப்பிங் பல படிகளில், விலையுயர்ந்த வேதிப்பொருள்களைக் கொண்டு செய்தது ஒரே படியில் நடந்தது. கிட்டத்தட்ட அதே சமயம் ஜெர்மனியில் ரிச்சர்ட் முல்லரும் தனியாக இதே வழியைக் கண்டுபிடித்தார். இருவர் பெயராலும்தான் இன்று அந்த முறை வழங்குகிறது.

அதன் தொல்லை வேறு இடத்தில் இருந்தது. வெளிவரும் கலவையில் மூன்று பொருள்கள் முக்கியம். ஒன்று நீளச் சங்கிலியாகக் கோக்கும். ஒன்று சங்கிலியை அங்கங்கே முடித்துவிடும். ஒன்று குறுக்கே பின்னி இறுக்கிவிடும். சங்கிலி கோக்கும் பொருள் 70 டிகிரியில் கொதிக்கிறது, இறுக்கும் பொருள் 66 டிகிரியில். நாலே டிகிரி வித்தியாசத்தில் பிரித்தெடுக்க வேண்டும். பிரித்தால்தான் வேண்டியபடி சிலிகோன் எண்ணெய், கிரீஸ், ரப்பர் என்று செய்துகொள்ள முடியும்.

போர் வந்தது, வேலை வேகமெடுத்தது. 1943-ல் கார்னிங்கும் டவ் கெமிக்கலும் சேர்ந்து டவ் கார்னிங் என்ற கூட்டு நிறுவனத்தை மிச்சிகனில் தொடங்கின. அதன் முதல் சரக்கு, உயரத்தில் பறக்கும் போர் விமானங்களின் மின்பொறி இணைப்புகளில் ஈரம் புகாமல் தடவும் ஒரு கிரீஸ். 1969-ல் நிலவில் பதிந்த காலடியும் சிலிகோன் ரப்பர் அடிப்பாகத்தின் தடம்தான்.

இது ஏன் அடுப்போரத்துக்குப் பொருந்துகிறது? சாதாரண ரப்பரின் முதுகெலும்பு கார்பன். சூட்டில் காய்ந்து வெடித்துவிடும். சிலிகோனின் முதுகெலும்பு சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்தது, மணலிலும் கண்ணாடியிலும் இருக்கும் அதே பிணைப்பு. 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் வளையும், நிமிரும். வெளிப்பக்கம் முழுக்க மெத்தில் தொகுதிகள் மூடியிருப்பதால் மாவோ பாகோ இறுகப் பற்றாது.

முதலில் வீட்டுக்குள் வந்தது பட்டையாக அல்ல, குழாய்ப் பசையாக. பிளம்பர் சிங்க் ஓரத்தில் துப்பாக்கி போன்ற ஒன்றால் பிதுக்குகிறாரே, அது. மூடியைத் திறந்ததும் குப்பென்று வினிகர் வாடை அடிக்கும். காற்றின் ஈரத்தைக் குடித்து அது ரப்பராக மாறும்போது அசெட்டிக் அமிலம் வெளியேறுகிறது. வினிகரில் இருப்பதும் அதுதான். சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து அவர் ஒரே இழுப்பில் வழித்துவிடுவார். மறுநாள் அங்கே தண்ணீர் நுழையாது.

ஆனால் அடுப்போரத்தில் அந்தப் பசை தோற்றது. ஒட்டினால் அடுப்பை இழுக்க முடியாது. இழுத்தால் பசை கிழியும். அடுப்புக் கம்பெனிகளும் தங்கள் பங்குக்கு முயன்றன: மேடையின் மேல் உதடுபோல ஏறிப் படியும் விளிம்பு வைத்த அடுப்புகளைச் செய்தார்கள். கார்னிங்கே 1966-ல் மேடையோடு மேடையாகப் பதியும் கண்ணாடிப் பீங்கான் அடுப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவை விலை கூடியவை. பழைய அடுப்பை வைத்திருப்பவருக்கு ஒட்டாமல் உட்கார்ந்து மூடுகிற ஒன்று வேண்டியிருந்தது. ‘டி’ பட்டை அந்தத் தேவைக்குப் பிறந்தது. அலுமினியத்திலும் துருப்பிடிக்காத எஃகிலும் இதே வடிவம் கிடைக்கிறது. ஆனால் மேடு பள்ளத்துக்குத் தக்கபடி படிவது ரப்பர்தான்.

நம் ஊரில் பெரும்பாலான அடுப்புகள் நான்கு ரப்பர் கால்களில் கிரானைட் மேல் நிற்பவை. நமக்குச் சந்து பக்கத்தில் இல்லை, அடியில் இருக்கிறது. தூக்கித் துடைத்தால் தீர்ந்தது. அங்கே பட்டைக்கு வேலை இல்லை. மாடுலர் கிச்சன் போட்டுக் கல்லில் பதித்த அடுப்பு வைப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை வந்து சேர்கிறது. அப்படி வைப்பதானால் மூன்றைக் கவனியுங்கள். அடுப்போடு வரும் நுரைப் பட்டையை விளிம்புக்கு அடியில் ஒட்டச் சொல்லுங்கள்; சிலிகோன் பசையால் அடுப்பைக் கல்லோடு ஒட்டவிடாதீர்கள், பழுதுபார்க்க வருபவர் கல்லை உடைக்க நேரும். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்திலுள்ள சந்தை எதைக் கொண்டும் அடைக்காதீர்கள், அது சூடு வெளியேற விட்ட வழி. எல்லாவற்றுக்கும் முன்னால், அடுப்பை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, அதன் பெட்டிக்குள் இருக்கும் அளவுத்தாளைக் கல் அறுப்பவர் கையில் கொடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு வேறு; கல்லை முதலில் அறுத்துவிட்டு அடுப்பைத் தேடிப் போகாதீர்கள்.