களவெட்டியும் கணக்கேடும்

மட்டக்களப்பு நாட்டின் தென்பாகத்திலே, கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தில் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என வரிசையாக அமைந்த ஊர்கள் தமிழ் பேசும் முஸ்லிம் மக்களின் பழம்பதிகளாகும். பாண்டிருப்பு, காரைதீவு முதலாய தமிழூர்கள் அவற்றினிடையே விரவிக் கிடக்கின்றன. 1961 ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாக வகுக்கப்படும்வரை இவை யாவும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. மேற்கே நெல்வயல், கிழக்கே கரைவலை, நடுவே கடைத்தெருவும் கைத்தறியும் என்பதே இவ்வூர்களின் வாழ்க்கை. பிறரிடம் மாதச் சம்பளம் பெற்றோர் முற்காலத்தில் மிகச் சிலர். தம் முதலைத் தாமே இட்டுத் தம் கணக்கைத் தாமே பார்த்தோரே பலர். அத்தகையோரிடம் அரசு எத்துணை வரி கொண்டது என்பது பலரும் ஆராய்ந்த பொருள். அவ்வரியை அளந்தவர் யார், அளவு பிழைத்தவிடத்து அதனை மறுத்துரைக்க வரிகொடுப்போன் கையில் என்ன இருந்தது என்ற வினாவோ போதிய அளவு ஆராயப்படவில்லை.

ஆங்கிலேயர் காலத்து நெல்வரியிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். கரையோர மாகாணங்களிலே விளைவில் பத்திலொன்று என்பது பொதுவான வீதம்; சில நிலங்களுக்கு அதனினும் கூடுதலாக விதிக்கப்பட்டது. அரசு அதனைத் தானே சென்று திரட்டவில்லை. ஆண்டுதோறும் வரி வாங்கும் உரிமையை ஏலத்தில் விட்டது. கூடிய விலை கேட்டவன் குத்தகைக்காரனாகி, நின்ற பயிரைக் கண்ணால் மதித்து, இவ்வயல் இத்தனை அவணம் தரும் என உரைப்பான். அறுவடைக்கு முன் அவனுக்கு அறிவித்தல் வேண்டும்; அவன் பங்கு தீர்க்கப்படுமுன் நெல்லைக் களத்தைவிட்டு அகற்றுதல் குற்றம். அவன் வரத் தாமதித்தால் சூடு மழையில் நனையும். மதிப்பு மிகையெனக் கருதும் உழவன் வழக்காடலாம்; ஆயின் மன்றுக்குச் செல்லும் செலவும் நாளும் வரியினும் பெரிதாக இருந்தமையால் பெரும்பாலும் ஒப்புக்கொண்டு விடுவான். போடியார் தம் செல்வாக்கால் குத்தகைக்காரனோடு பேசித் தீர்த்துக்கொள்ள வல்லவர். முல்லைக்காரனுக்கும் சிறு வயற்காரனுக்கும் அவ்வன்மை இல்லை. களவெட்டியிலே நெல்லைப் பொலி என மங்கலச் சொல்லாற் குறிக்கும் வழக்குடைய மக்களுக்கு, அக்களத்திலேயே அயலான் ஒருவன் நின்று அளவு கூறியமை எத்துணை வெறுப்பை விளைத்திருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

மீன்வரியும் இவ்வாறே குத்தகைக்கு விடப்பட்டிருந்து 1840 இல் நீக்கப்பட்டது. 1848 இல் தேசாதிபதி தொரிங்ரன் காலத்தில் துவக்கு, நாய், படகு, கடை ஆகியவற்றுக்கு விதித்த கட்டணங்களும், ஆண்டில் ஆறு நாள் வீதிவேலை செய்யப் பணித்த கட்டளைச் சட்டமும் மலைநாட்டிலே கிளர்ச்சியை மூட்டின. கடைக்கு வரி என்ற எண்ணம் அன்றே முளைத்தது எனலாம். ஆயின் அது கடை உண்டா இல்லையா என்பதையே நோக்கியது. கடையில் ஊதியம் உண்டா என்பதை நோக்கவில்லை.

1878 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் குத்தகை முறைக்கு மாற்றாக, முன்னரே வரையறுத்த ஒரு தொகையைப் பணமாகச் செலுத்தும் முறையைப் புகுத்தியது. குத்தகைக்காரனின் கொடுமை குறைந்தது. புதிய கொடுமை ஒன்று பிறந்தது. விளைவு பிழைத்த ஆண்டிலும் பணம் கட்ட வேண்டியதாயிற்று. நுவரெலியா மாவட்டத்திலே வரி நிலுவைக்காக வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டமையை அங்கே உதவி அரசாங்க அதிபராயிருந்த லே மெசூரியர் வெளிப்படுத்தினார். இங்கிலாந்தில் கொப்டன் கழகத்தாரும் இவ்வரிக்கு எதிராகக் குரலெழுப்பினர். தேசாதிபதி ஹவ்லொக் காலத்தில் 1892 இல் நெல்வரி நீக்கச் சட்டம் நிறைவேறியது.

வரிக்காகக் கணக்கெழுதும் வழக்கம் இக்கரையில் இல்லாதிருந்தது உண்மையே. எனினும் கணக்குப் பார்க்கும் வழக்கமே இல்லை என்று கொள்ளுதல் பிழையாகும். இஸ்லாமிய மார்க்கத்தின்படி மழையால் விளைந்த நெல்லில் பத்திலொன்றும், செலவிட்டு நீரிறைத்து விளைவித்ததில் இருபதிலொன்றும் சக்காத்தாக ஏழைகளுக்கு உரியவை. வணிகனோ ஆண்டுக்கொரு முறை தன் கடைச் சரக்கை அன்றைய விலையில் மதித்து, கைப்பணத்தையும் வரவேண்டிய நல்ல கடனையும் கூட்டி, தான் கொடுக்க வேண்டியதைக் கழித்து, எஞ்சியதில் நாற்பதிலொன்றைக் கொடுத்தல் வேண்டும். சரக்கிருப்பு எடுத்தல் என இக்காலக் கணக்காளர் கூறுவது இதுவன்றி வேறன்று. ஆனால் இரண்டு கணக்கும் ஒன்றாகா. சக்காத்து கையிலுள்ள பொருளின்மீது விழுவது; வருமான வரி அவ்வாண்டு ஈட்டிய ஊதியத்தின்மீது விழுவது. முன்னது பிறையாண்டைப் பின்பற்றும். பின்னது ஏப்ரில் முதலாந் திகதி தொடங்கி மார்ச்சு 31 இல் முடியும். நட்டம் அடைந்த கடைக்காரனுக்கும் சரக்கு உரிய அளவு இருப்பின் சக்காத்துக் கடமை உண்டு; வருமான வரி இல்லை. நோன்பு மாதத்தில் எழுதிய கணக்கை அவ்வண்ணமே இறைவரி அலுவலகத்தில் நீட்டினால் பொருந்தாமைக்குக் காரணம் இதுவே.

வருமான வரி இலங்கைக்கு 1932 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் வந்தது. இதன் சிறப்பு வீதத்தில் இல்லை. நெல்வரியில் அரசின் ஆள் அளவு கூறினான், உழவன் மறுத்தான். இங்கோ வரியிறுப்பவன் தானே தன் வருவாயை முதலில் உரைக்கின்றான். அரசு அதனை ஏற்கின்றது அன்றேல் மறுக்கின்றது. இது பெரியதோர் உரிமை. ஆயின் ஏடு இல்லாதவனுக்கு அவ்வுரிமை பயன்படாது. அவனுடைய வருவாயை அதிகாரி தம் மதிப்பால் நிர்ணயிப்பார். அப்பொழுது அவன் நிலை பழைய களவெட்டி உழவன் நிலையே.

1959 இல் பொருளியலறிஞர் கால்டோரின் ஆலோசனைப்படி செலவு வரி, செல்வ வரி, நன்கொடை வரி என்பன வந்தன. 1963 இல் புரள்வு வரி தொடங்கியது. 1998 இல் பொருட்கள் சேவைகள் வரியும், 2002 ஓகத்தில் பெறுமதி சேர் வரியும் அதன் வழியே வந்தன. 2004 திசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கல்முனைக் கரையை அழித்தபோது கடைகளோடு கடைக்காரரின் கடன் கொப்பிகளும் பற்றுச்சீட்டுகளும் போயின. அறுவடை வரை கடனுக்குக் கொடுத்து வாங்கும் ஊர்களிலே இவ்விழப்பு சரக்கிழப்பினும் சிறிதன்று.

அண்மைக் காலத்தில் வரம்புகள் அடிக்கடி மாறியமை சிறுவணிகரைப் பெரிதும் குழப்பியது. தனியாளுக்கான ஆண்டு விலக்குத் தொகை 2020 இல் 30 இலட்சம் ரூபாயாக உயர்ந்து, பொருளாதார நெருக்கடியின் பின் 2023 இல் 12 இலட்சமாகத் தாழ்ந்து, 2025 ஏப்ரிலில் 18 இலட்சமாயிற்று. பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய ஆண்டுப் புரள்வு 30 கோடியிலிருந்து 2022 இல் 8 கோடிக்கும், 2024 சனவரியில் 6 கோடிக்கும் இறங்கியது.

2025 ஏப்ரிலில் வந்த வீதப்படி ஓர் உதாரணம் காண்க. மருதமுனையில் சாரம் விற்கும் ஒருவரின் ஆண்டு விற்பனை 120 இலட்சம், நூல், கூலி, வாடகை முதலிய செலவு 100 இலட்சம் எனக் கொள்வோம். ஊதியம் 20 இலட்சம். விலக்குக்கு மேற்பட்டது 2 இலட்சம். அதற்கு 6 வீதப்படி வரி 12,000 ரூபாய். அவரே 10 இலட்சம் ரூபாய்க் கொள்வனவுக்குப் பற்றுச்சீட்டுக் காட்ட இயலாது நின்றால், ஊதியம் 30 இலட்சமாக மதிக்கப்படும். விலக்குக்கு மேற்பட்ட 12 இலட்சத்தில் முதல் 10 இலட்சத்துக்கு 60,000, எஞ்சிய 2 இலட்சத்துக்கு 18 வீதப்படி 36,000, ஆக 96,000 ரூபாய். தறியும் அதுவே, துணியும் அதுவே. வீட்டுச் செலவுக்குக் கடையிலிருந்து எடுத்த பணத்தையும் பொருளையும் வியாபாரச் செலவில் எழுதுவதும் இவ்வாறே பின்னர் மறுக்கப்படும். அதற்கெனத் தனிப்பக்கம் ஒதுக்குதல் வேண்டும்.

2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டத்தின் கீழ் வரி நான்கு தவணைகளில் ஓகத்து, நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15 ஆந் திகதியில் செலுத்தற்பாலது. ஆண்டுக் கூற்று நவம்பர் 30 க்குமுன் சேரவேண்டும். ஏடுகளைத் தமிழிலேயே எழுதி வைக்கலாம்.