பறையும் 'பரையா'வும்

எங்கள் ஊரைச் சங்கரன்கோவில் என்கிறோம். வெள்ளையர் காலத்து அரசுக் குறிப்பேடுகளிலோ அது சங்கரநயினார்கோவில். பெயர் குறுகிற்று, எவர் மனமும் புண்படவில்லை. ஆனால் தமிழ்ச் சொல்லொன்று கடல் கடந்து, எழுத்தும் பொருளும் திரிந்து, உலகெங்கும் வசைச்சொல்லாய் வழங்குகிறதே, அதன் வரலாற்றை நம் இளைஞர் அறிவரோ?

பறை என்பதே அச்சொல்லின் வேர். பறைதல் என்றால் சொல்லுதல்; மலையாளத்தில் இன்றும் அதுவே பொருள். தொல்காப்பியர் நிலங்களின் கருப்பொருளை அடுக்கும்போது தெய்வம், உணவு, மரம், புள் இவற்றோடு பறையையும் வைத்தார். நிலத்துக்கொரு பறை! புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனையும் நிறுத்தி, குடியென்று கொள்ளத்தக்கோர் இவர்களே என்கிறார். இழிவு என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

1516ஆம் ஆண்டளவில் போர்ச்சுகீசியர் துவார்த்தே பர்போசா தம் நூலில் 'பரேயாஸ்' என்று எழுதினார். 1613இல் பர்ச்சாஸ் என்பவரின் நூல்வழி அச்சொல் ஆங்கிலத்தில் ஏறிற்று. றகரம் வாராத நாவில் அது 'பரையா' ஆனது. 1819 அளவில் சமூகம் ஒதுக்கித் தள்ளிய எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. 1821இல் பாரிசில் தெலவீஞ் என்பார் அப்பெயரிலேயே நாடகம் எழுதினார். சொல்லின் பிறப்பை வடபுலத்து மலைவாணர் பெயரோடு முடிச்சுப் போட்டோரும் உண்டு. நெல்லைச் சீமையில் வாழ்ந்த கால்டுவெல்தான், பறை என்னும் கருவியே மூலம் என்று நிறுவினார்.

அப்படியானால் இழிவைக் கற்பித்தவன் வெள்ளையனா? அல்லன். எழுத்துப்பிழை அவனுடையது, பொருட்பிழை நம்முடையது! சேரியைத் தனியே வைத்தவர், சாவுக்குப் பறை வேண்டும், அடிப்பவன் வாசற்படி ஏறலாகாது என்றவர் இங்கிருந்தோர். அவன் கண்டதை எழுதிக்கொண்டான்.

அமெரிக்காவில் இன்னொரு சொல்லின் கதை கேளீர். 'ஜாஸ்' என்பது 1912இல் பந்தாட்டப் பேச்சாய் ஏட்டில் வந்தது. இசைக்கு அப்பெயர் 1915இல் சிகாகோவில் அச்சேறிற்று. 1917இல் முதல் இசைத்தட்டு வெளியிட்ட குழுவின் பெயரில் அச்சொல் இரட்டை 'எஸ்' எழுத்தோடு நின்றது. விரைவில் அது இரட்டை 'இசட்' ஆனது. கறுப்பர் வளர்த்த இசைக்கு முதல் தட்டு வெளியிட்டவர் வெள்ளையர் என்பது தனிக்கதை! கொச்சையென்று சிலர் முகஞ்சுளித்த அச்சொல்லை அந்த இசை உயர்த்திற்று. இங்கோ, உயர்ந்திருந்த இசையின் பெயரைச் சாதி வீழ்த்திற்று.

வீழ்ந்த சொல்லை என்ன செய்வது? 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே ஏடு நடத்தினார். வசையைக் கொடியாக்கிய துணிவு அது. 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டசபையில், அப்பெயரை நீக்கி ஆதிதிராவிடர் என்று வழங்குமாறு தீர்மானம் கொணர்ந்தார். நீதிக்கட்சி அரசு ஏற்றது. ஒருவர் பெயரை ஏந்தினார், மற்றவர் உதறினார். இருவர் பகையும் ஒன்றே என்பதால் எவரையும் பிழை சொல்ல நமக்கு மனமில்லை.

2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மசிறீ வழங்கப்பட்டது. ஆங்கில ஏடுகளோ, பகைத்த நாட்டைப் 'பரையா நாடு' என்றே இன்றும் எழுதுகின்றன. அவற்றை மொழிபெயர்க்கும் தோழர்கள் 'ஒதுக்கப்பட்ட நாடு' என்றெழுதுக; எங்கள் பறையை அந்த வரியில் இழுக்க வேண்டா.