கடல்மல்லைக் கல்வெட்டும் வெண்ணெய்நல்லூர் வழக்கும்

நீதி என்பது ஆணையிடுவோன் வாய்ச்சொல்லோ, அன்றி அவனையும் பிணிப்பதொரு முறையோ என்னும் வினா பண்டுதொட்டு அறிஞரால் ஆராயப்பட்டு வருவதாகும். யவன தேசத்துப் பிளேட்டோ, யூத்திப்ரோ என்னும் உரையாடல் நூலில், தெய்வம் விரும்புதலால் ஒன்று நன்றாயிற்றோ, நன்றாதலால் தெய்வம் அதனை விரும்பியதோ என இதனை எழுப்பினார். தொண்டைநாட்டுச் சான்றுகள் கொண்டு நம்முன்னோர் கண்ட விடையை ஈண்டு ஆராய்வாம்.

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்தது. அங்கே முதலாம் இராசராச சோழரது 25-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழக் கி. பி. 1010-இல், பொறிக்கப்பெற்ற கல்வெட்டொன்று உளது. நகரத்தார் ஒருங்குகூடி, வரிக்குரிய நிலங்களை 100 மனையாகக் கணக்கிட்டு, 25 மனை கொண்ட நான்கு கூறுகளாக வகுத்தனர். நிலமில்லாதாருள் வாணிகஞ் செய்வாரும் கூலிப்பணி செய்வாரும் இறுக்கவேண்டிய பொன்னையும் வேறுவேறாக வரையறுத்தனர். இவ்வுடன்பாட்டிற்கு இணங்காதார்க்குத் தண்டமும் விதித்தனர். அரசன் பெயர் காலங்குறிக்க நிற்கின்றது. முறையை வகுத்தோர் ஊராரே. வகுத்தோரும் அதற்குக் கட்டுப்பட்டனர் என்பதே ஈண்டு உய்த்துணரற்பாலது.

அவ்வுடன்பாட்டைக் கல்லில் எழுதியது எற்றுக்கு? எழுத்து, அனுபோகம், சாட்சி என்னும் மூன்றும் வழக்கிற்குச் சான்றாம் என்பது யாஞ்ஞவல்கிய மிருதியின் துணிபு. பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் குன்றத்தூரில் தோன்றி, 12-ஆம் நூற்றாண்டிற் சோழர் அமைச்சராய் விளங்கிய சேக்கிழார் பெருமான், இம்மூன்றனையும் திருவெண்ணெய்நல்லூர் அவையின்கண் வைத்துக் காட்டியருளினார்.

நம்பியாரூரர் நரசிங்கமுனையரையர் அரண்மனையில் வளர்ந்தவர். அவரை அடிமையென்று வழக்கிட்டு வந்தவரோ துணையற்ற முதிய வேதியர். செல்வர் முதியவர்தம் ஓலையைப் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியோலையே; மூலவோலை முதியவர்பால் இருந்தது. அவையத்தார் பாட்டனார் கையெழுத்தை மற்றோர் ஓலையோடு ஒப்பிட்டு நோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர்.

இஃது இறைவன் திருவிளையாட்டேயன்றி வழக்கியல் அன்று என்பாரும் உளர். அற்றேல், முதற்கண்ணே தம் வடிவங்காட்டி ஆட்கொண்டிருத்தல் கூடுமன்றோ? அங்ஙனஞ் செய்யாது, முழுமுதற் கடவுளே அவையின் முன்னின்று, கேட்ட சான்றைக் காட்டித் தீர்ப்பிற்குக் காத்திருந்தார். அவரவர் வினைப்பயனை அவரவர்க்கே வரையறுப்பது நியதி என்னும் தத்துவம் என்பது சித்தாந்தம். அம்முறையை வகுத்தவன் தானே அதனைக் கடவாமை அவனுக்குக் குறைவன்று. அதுவே அவன் நடுவுநிலைமையாம். அருள் முறையை அழித்து வருவதன்று, முறையின் வழியே வருவது என்பது இதனாற் பெறப்படும்.

சைவ நன்மக்காள்! நம் திருக்கோயிற் சுவர்களே நம்மூர்களின் மூலவோலைகள். திருப்பணி என்னும் பெயரால் அவ்வெழுத்துக்களைச் சுண்ணம் பூசி மறைத்தலும் கொத்திச் சிதைத்தலும் ஓலை கிழித்தலையே ஒக்கும். நம்பியாரூரர் கிழித்தபொழுது மூலம் வேறிருந்தது; கல்லெழுத்து அழியின் காட்டுதற்கு வேறு மூலம் இல்லை.

சிவம்.