வாக்குரிமையும் வயதும்



உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றி உங்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் ஆட்சியில், கி.பி. 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் அவ்வூர்ச் சபையார் வகுத்த தேர்தல் விதிகளை அவை கூறுகின்றன. வாரியத்துக்குப் பெயர் எழுதப் பெறுபவனுக்கு வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும். மறை கற்றிருத்தல் வேண்டும். அந்தணர் ஊரின் சபை அது. ஊரார் எல்லாரும் இடம்பெற்ற சபை அன்று. வயதுக்கும் வரம்பு உண்டு. முதற்கல்வெட்டில் 30-க்கு மேல் 60-க்குள் என்று இருந்தது, இரண்டே ஆண்டுகளில் 35-க்கு மேல் 70-க்குள் என்று ஆயிற்று. இளையோரை ஐந்தாண்டு பின்னே தள்ளி, முதியோருக்குப் பத்தாண்டு கூட்டிக் கொடுத்தார்கள்! விதி செய்தவர்கள் எந்த வயதினர் என்று நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

அக்கல்வெட்டில் என் மனத்தைத் தொடுவது வேறொரு செய்தி. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கிய பின், உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனை அழைத்து ஓலையை எடுக்கச் செய்தனர். அவன் கையில் சூது இராது என்று நம்பினார்கள். ஆயினும் அவனுடைய சொந்தப் பெயர் அந்தக் குடத்துக்குள் விழ வேண்டுமானால் அவனுக்கு வயது 35 ஆக வேண்டும்.

இளையோரை எந்த வயதில் நம்புவது என்ற இக்கேள்வி இன்று உலகெங்கும் மீண்டும் எழுந்திருக்கிறது. பிரேசில் நாட்டு அரசியலமைப்பு 1988-இல் 16 வயதினருக்கு விருப்பமிருந்தால் வாக்களிக்கும் உரிமையை அளித்தது. ஆஸ்திரியா 2007-இல் வாக்குரிமை வயதை 16 ஆக்கியது. பிரிட்டிஷ் அரசாங்கம் தானும் அவ்வாறே செய்யப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. நம் நாட்டில் இவ்வயது 18. இதனையும் குறைக்கலாமா என்று கேட்போர் உளர். விடை கூறுமுன், இந்த 18 நமக்கு எப்படி வந்தது, அதற்கு முன் இருந்த 21 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

21 என்ற எண் நம் மண்ணில் முளைத்ததன்று, இங்கிலாந்திலிருந்து வந்தது. இடைக்காலத்தில் அங்கே, கனத்த இரும்புக் கவசம் பூண்டு குதிரைமேல் அமர்ந்து போரிடும் வலிமை ஒருவனுக்கு 21 வயதில்தான் வரும் என்று கருதினர் என்பர். வீரன் ஆகும் வயது பிறகு சொத்தை ஆளும் வயதாயிற்று; அதுவே பின்னர் வாக்களிக்கும் வயதும் ஆயிற்று. கவசமும் குதிரையும் போய் நூற்றாண்டுகள் கழிந்தன. எண் மட்டும் போகவில்லை.

வியப்பு என்னவென்றால், இந்தியாவை ஆண்ட அதே ஆங்கிலேயர் இங்கே வேறொரு சட்டம் செய்தார்கள். 1875-ஆம் ஆண்டின் இந்திய மேஜர் வயதுச் சட்டம், ஒருவன் 18 வயது நிரம்பியதும் உரிய வயது வந்தவன் ஆகிறான் என்று விதித்தது. நீதிமன்றம் காப்பாளரை நியமித்திருந்த சிலருக்கு மட்டும் 21. மற்றவர்கள் 18 வயதில் நிலத்தை விற்கலாம், கடன் பத்திரம் எழுதலாம், ஒப்பந்தம் செய்யலாம். அதாவது, பாட்டனார் தேடிய நஞ்செய் முழுவதையும் ஒரே கையெழுத்தில் இழந்துவிடும் உரிமை 150 ஆண்டுகளுக்கு முன்னரே நம் இளைஞனுக்குக் கிடைத்துவிட்டது. நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு மட்டும் அவன் மேலும் மூன்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி, வயது வந்த எல்லாருக்குமாவது வாக்கு இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1919-ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை மாகாணத்தில் 1920-இல் தேர்தல் நடந்தபோது, ஏறத்தாழ 4 கோடி மக்களுள் வாக்காளர் சுமார் பன்னிரண்டரை லட்சம் பேரே. நிலவரியோ வருமான வரியோ நகராட்சி வரியோ செலுத்துவோர் அவர்கள். சொத்தில்லாதவனுக்குப் பொறுப்பு இராது, பக்குவம் போதாது என்று அதற்குக் காரணம் கூறினர். பெண்களுக்கும் அதே காரணம் சொல்லப்பட்டது. ஆனால் சென்னைச் சட்டசபை 1921-இலேயே, பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் முதலாவதாக, பெண் என்பதற்காக வாக்குரிமை மறுக்கலாகாது என்று தீர்மானித்தது. சொத்துத் தகுதி அவர்களையும் விடவில்லை என்பது வேறு. எழுத்தறியாதவர்களைப் பற்றியும் இதே வாதம் எழுந்தது. படிக்கத் தெரியாதவன் எதைக் கண்டு வாக்களிப்பான் என்றார்கள்.

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு இவை அனைத்தையும் ஒரே வீச்சில் தள்ளியது. சொத்தும் கல்வியும் ஆண் பெண் என்ற வேறுபாடும் வாக்குரிமைக்குத் தடையல்ல என்றாயிற்று. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் மக்களுள் எழுத்தறிந்தவர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தாம். அப்படிப்பட்ட நாட்டில் 17 கோடியே 32 லட்சம் பேர் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றனர். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் வாக்காளர்களுக்காகச் சின்னங்களைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைக்கச் செய்தார். வடமாநிலங்கள் சிலவற்றில், 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்று மட்டும் கூறித் தம் பெயரைச் சொல்ல மறுத்த பெண்கள் ஏறத்தாழ 28 லட்சம் பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். அஃதொரு பெருங்குறை. மற்றபடி, உலகம் நகைக்கும் என்று அஞ்சியோர் அஞ்சியவாறு ஒன்றும் நேரவில்லை.

இவ்வளவு துணிவு காட்டியவர்கள் வயதைப் பொறுத்தவரை மட்டும் இங்கிலாந்தின் 21-ஐ அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அரசியலமைப்பின் 326-ஆம் பிரிவில் அந்த எண் அமர்ந்துவிட்டது. அண்டை நாடான இலங்கை 1931-இலேயே 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் வாக்களித்தது. 1959-இல் அவ்வயதை 18 ஆக்கியது. எண்ணை நமக்குக் கடன் கொடுத்த இங்கிலாந்தே 1969-இல் அதைக் கைவிட்டு 18-க்கு வந்தது. அமெரிக்கா 1971-இல் வந்தது. வியட்நாம் போருக்கு 18 வயதில் ஆளெடுத்த நாடு அது. துப்பாக்கியை ஏந்தச் சொன்ன கையை வாக்குச் சீட்டைத் தொடாதே என்று தடுப்பது எப்படி என்று அங்கே கேட்டார்கள்.

நம் தமிழகத்தில் இளையோர் வாளாவிருந்தார்கள் என்று எண்ணி விடாதீர்கள். 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்து எழுந்தவர்களுள் முன்னின்றவர்கள் கல்லூரி மாணவர்கள். 1967-இல் பொதுத்தேர்தல் வந்தபோது அவர்களுள் பலருக்கு வயது 21 ஆகவில்லை, வாக்கில்லை. வாக்கில்லாதவர்கள் ஊர் ஊராகச் சென்று வாக்குள்ளவர்களிடம் பேசினார்கள். விருதுநகர்த் தொகுதியில் காமராசரை 1,285 வாக்கு வேறுபாட்டில் வென்ற பெ. சீனிவாசன் அம்மாணவர் கிளர்ச்சியிலிருந்து வந்த இளைஞர். அத்தேர்தலின் முடிவு சரியா தவறா என்பது இங்கே நம் வழக்கன்று. அரசியலில் இளையோரை வெளியே நிறுத்திவிட்டதாக எண்ணிய சட்டம், உண்மையில் வாக்குச் சாவடிக்கு மட்டுமே வெளியே நிறுத்தியிருந்தது என்பதைக் குறிக்கவே இதைச் சொன்னேன்.

என்னைப் பற்றி ஒரு சொல். நெருக்கடி நிலைக்குப் பின் 1977 மார்ச்சில் தேர்தல் நடந்தபோது எனக்கு வயது 19. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். என் தந்தையார் எழுத்தறியாதவர். நாள்தோறும் மாலையில் நான் செய்தித்தாளை உரக்கப் படிப்பேன். அவர் திண்ணையில் அமர்ந்து கேட்பார். தேர்தலன்று அவர் சென்று வாக்களித்து வந்தார். நான் தெருமுனையில் நின்றேன். செய்தியைப் படித்தவனுக்கு வாக்கில்லை, கேட்டவருக்கு உண்டு என்று உள்ளூர வருந்தினேன். அவ்வருத்தம் தவறானது என்பது பின்னர்தான் புரிந்தது. படிப்பே வாக்குக்குத் தகுதி என்று நான் நினைத்திருக்கிறேன்! என் தந்தையாரையே வெளியே நிறுத்தக்கூடிய நினைப்பு அது. நான் முதன்முதலாக வாக்களித்தது 1980 ஜனவரியில்.

அப்படிக் காத்திருந்தவன் 1988-இல் என்ன சொன்னேன் தெரியுமா? அவ்வாண்டு டிசம்பர் 13 அன்று, வாக்குரிமை வயதை 18 ஆக்கும் திருத்த மசோதா மக்களவையில் கொண்டுவரப்பட்டது. இக்கால இளைஞர் எழுத்தறிவும் விழிப்பும் உடையவர், அரசியல் உணர்வு மிக்கவர், அவர்களுக்குத் தம் கருத்தை வெளியிட வாய்ப்பளிக்க வேண்டும் என்பது அதன் நோக்கவுரையின் சாரம். சில மாநிலங்கள் உள்ளாட்சித் தேர்தல்களில் முன்னரே 18-ஐ ஏற்றிருந்தன என்பதையும் அது சுட்டியது. 15-ஆம் நாள் மக்களவையும் 20-ஆம் நாள் மாநிலங்களவையும் அதை நிறைவேற்றின. அப்போது நான் மேல்நிலைப் பள்ளியொன்றில் ஆசிரியன். ஆசிரியர் ஓய்வறையில் அதைக் கடுமையாக எதிர்த்துப் பேசினேன். கட்சிகள் பள்ளி வாயிலுக்குள் நுழைந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பில் கொடி பறக்கும். பிள்ளைகளுக்குப் பக்குவம் போதாது என்றேன்.

மூலையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மூத்த தமிழாசிரியர் ஒருவர் தலைநிமிராமலே கேட்டார்: "ஏன் ஐயா, பத்திரத்தில் கையெழுத்துப் போடப் பக்குவம் உண்டு, ஓட்டுப் போட இல்லையோ?" பிறகு, வழக்குரைக்க வந்த முதியவர்கள் தன் இளமையைக் கண்டு ஐயுறாதபடி நரைமுடி தரித்துத் தீர்ப்புக் கூறிய கரிகாலனை நினைவூட்டினார். "முடிதான் பொய், தீர்ப்பு அவனுடையதுதானே?" என்றார். எனக்கு விடை கூற இயலவில்லை. என் பேச்சை மனத்துள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பக்குவம் போதாது என்ற அச்சொல்லைச் சொத்தில்லாதவனுக்கும் பெண்ணுக்கும் என் தந்தையாருக்கும் யார் யாரோ முன்பே சொல்லியிருந்தார்கள். நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலுக்குப் பின், 1989 மார்ச் 28 அன்று குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் இசைவளித்தார். 61-ஆவது திருத்தம் அன்றே நடைமுறைக்கு வந்தது. இதனால் நம் மாநிலத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. 1989 ஜனவரி 21-இல் நடந்த சட்டமன்றத் தேர்தலில் 19 வயது இளைஞனுக்கு வாக்கில்லை. பத்து மாதம் கழித்து நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் அவனுக்கே வாக்கு உண்டு. அத்தேர்தலில் நாடெங்கும் வாக்காளர் எண்ணிக்கை 49 கோடியே 89 லட்சமாக உயர்ந்தது. தேர்தல் முடிந்து பள்ளி திறந்த நாளில், வகுப்பில் வயது மூத்த மாணவன் ஒருவன் இடக்கைச் சுட்டுவிரலின் மையைப் பெஞ்சுக்குக் கீழே மறைத்துக்கொண்டிருந்தான். நான் திட்டுவேன் என்று அஞ்சினான் போலும். காட்டச் சொன்னேன். வகுப்பே எழுந்து பார்த்தது. கொடி ஒன்றும் பறக்கவில்லை.

இப்போது 16-க்கு வருவோம். 18-க்கு இருந்த வலுவான வாதம், சட்டப்படி வயது வந்தவனுக்கு வாக்கை மறுக்கலாகாது என்பது. 16-க்கு அவ்வாதம் உதவாது. நம் சட்டத்தின் முன் 16 வயதினர் இன்னும் சிறுவரே. அவர்கள் சொத்தையும் வழக்கையும் காப்பாளரே கவனிப்பார். ஆஸ்திரியா மேஜர் வயதை 18-இல் வைத்துக்கொண்டே வாக்கை மட்டும் 16-க்கு இறக்கியது. அவ்விரண்டையும் அங்ஙனம் பிரிப்பதற்கு இங்கே இன்னும் தக்க காரணம் கூறப்படவில்லை என்பது என் கருத்து. அதனால் இப்போதைக்கு 18 போதும் என்றே நினைக்கிறேன். ஆனால் 16 வயதினருக்குப் பக்குவம் போதாது என்று மட்டும் வாதிட மாட்டேன். அதை ஒரு முறை சொல்லி வாயடைத்து நின்றவன் நான். (சட்டங்களுக்குள் முழு ஒற்றுமை எப்போதும் உண்டு என்றும் நான் கூற வரவில்லை. இன்றும் 18 வயது ஆண்மகன் நாட்டுக்கு ஆட்சியைத் தேர்ந்தெடுக்கலாம். தனக்கு மனைவியைத் தேர்ந்து மணக்க 21 ஆக வேண்டும்!)

வயதைக் குறைப்பது பற்றி இத்தனை பேசும் நாம், கிடைத்த வயதை எவ்வாறு கையாள்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலுக்குப் பட்டியலில் பெயர் பதிந்திருந்த 18, 19 வயதினர் நாடு முழுவதிலும் சுமார் 1 கோடியே 80 லட்சம் பேர். அவ்வயதில் இருந்தோருள் பாதிப் பேர்கூட இல்லை. முன்னெல்லாம் ஜனவரி முதல் நாளன்று 18 நிரம்பியிருக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் ஓராண்டு வீண். 2022 ஆகஸ்டு முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாள்களும் தகுதி நாள்கள் ஆயின. 17 வயது நிரம்பியதுமே ஆறாம் எண் படிவத்தில் முன்கூட்டி விண்ணப்பிக்கவும் வழி பிறந்தது.

தேசிய வாக்காளர் தினமான ஜனவரி 25-ஐ ஒட்டி ஒரு பள்ளிக்குப் பேச அழைத்திருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் அறுபது பேர் அமர்ந்திருந்தனர். படிவம் கொடுத்தவர் எத்தனை பேர் என்று கேட்டேன். நான்கு கைகள் எழுந்தன. முன்வரிசையில் இருந்த மாணவி எழுந்து, "ஐயா, மார்ச்சில் பொதுத்தேர்வு. அதை முடித்துவிட்டுக் கொடுக்கலாமா?" என்று பணிவுடன் கேட்டாள்.

"உனக்கு 18 எப்போது நிரம்புகிறது, அம்மா?" என்றேன்.

"பிப்ரவரி 11, ஐயா."

"அப்படியானால் உன் தகுதி நாள் ஏப்ரல் முதல் நாள். படிவத்தை இன்றைக்கே எழுதிவிடலாம், பத்து நிமிடம் போதும்" என்று சொல்லி, என் பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.