பயிர் காட்டும் பழமை

தேய்ந்த கல்வெட்டின்மீது தாளை ஒற்றி மைப்படி எடுக்குங்கால், வெறுங்கண்ணுக்குத் தோன்றாத எழுத்து வெளிப்படக் காண்கிறோம். அதனையொத்த செயலை நிலத்தின்மீது செய்வது வான்வழித் தொல்லியல். அம்முறை படையினரிடமிருந்து ஆர்வலர் கைக்கு வந்த வரலாறும், அதன் பயனும் எல்லையும் ஈண்டு ஆராயப்படும்.

பண்டு வெட்டிய அகழி பின்னர்த் தூர்ந்துவிடினும், அதனை நிரப்பிய ஆழ்ந்த மண் ஈரத்தை நெடிது காக்கும். ஆதலின், வறட்சியிலும் அதன்மேல் நிற்கும் பயிர் பசுமை மாறாது ஓங்கும். புதைந்த சுவரின்மேல் நிற்கும் பயிரோ விரைவில் வாடி மஞ்சளிக்கும். இவ்வேறுபாடு வரப்பில் நிற்போர்க்குப் புலனாகாது. உயரத்திலிருந்து நோக்குவார்க்கே வடிவமாகத் தோன்றும்.

1906-இல் இங்கிலாந்துப் படையலுவலர் ஷார்ப் என்பார், பலூனிலிருந்து ஸ்டோன்ஹெஞ்சு கல்வட்டத்தை நிழற்படம் எடுத்தார். 1925-இல் வான்படை அலுவலர் இன்சால் அதனருகே ஒரு வயலில், வட்டத்தினுள் வெண்புள்ளிகளைக் கண்டார். 1926 முதல் 1929 வரை கன்னிங்டன் இணையர் அகழ்ந்து, அவை மரத்தூண் நாட்டிய குழிகளே என நிறுவினர். அவ்விடமே உட்ஹெஞ்சு எனப்படுவது. 1928-இல் கிராஃபோர்டும் கெய்லரும் வெளியிட்ட வெசெக்சு வான்படத் தொகுதி இத்துறைக்கு அடிப்படை நூலாயிற்று. கெய்லர், பழப்பாகு வணிகத்தாற் செல்வம் பெற்ற குடியினர். ஆக, படைப்பணியோ பெருஞ்செல்வமோ இன்றி அக்காலத்தில் இவ்வாய்வு இயலவில்லை என்பது தெளிவு.

இந்நிலை மாறியதற்கு அயர்லாந்து சான்று தருகின்றது. 2018-ஆம் ஆண்டுக் கோடையில் அந்நாடு கடும் வறட்சியுற்றது. சூலைத் திங்களில் எழுத்தாளர் அந்தோணி மர்பியும் நிழற்படக் கலைஞர் கென் வில்லியம்சும், வானொலி அலையால் இயங்கும் தம் சிறு டிரோன்களைப் பாயின் ஆற்றுச் சமவெளியில் பறக்கவிட்டனர். ஏறத்தாழ 5200 ஆண்டு முற்பட்ட நியூகிரேஞ்சு கல்லறை மேட்டின் அருகே, பயிர் நடுவே, அதுகாறும் எவரும் அறியாத பெருவட்டம் ஒன்று தோன்றிற்று. அவ்விருவரும் அதனை அரசின் தொல்சின்னத் துறைக்கு அறிவித்தனர். அத்துறையும் அப்பகுதியை வானிலிருந்து ஆராய்ந்து இடைக்கால அறிக்கை வெளியிட்டது.

இக்கண்டுபிடிப்பில் கருவியினும் காலமே சிறந்தது என்பது என் கருத்து. வட்டம் புலப்பட்டது வறட்சி நீடித்த சில கிழமைகளே. மழை பெய்யின் அது மறையும். அவ்வேளையில் பெரிய வானூர்தி அங்கு வருமென்பது உறுதியன்று. அருகே வாழும் ஆர்வலனின் சிறு கருவியோ அன்றே எழும்.

எனினும், வான்படம் வடிவைக் காட்டுமன்றிக் காலத்தைக் காட்டாது. ஒத்த வட்டங்களொடு ஒப்பிட்டுக் கூறும் காலம் கருதுகோளேயாம். இன்சால் கண்ட புள்ளிகளும் அகழ்ந்த பின்னரே தூண்குழிகளாயின. மேலும், ஓராண்டில் ஒன்றும் தோன்றாமை அங்கு ஒன்றும் இல்லாமைக்குச் சான்றாகாது. மழை மிகுந்த ஆண்டில் நிலம் வாய் திறவாது.

ஆர்வலன் காண்பதும், கண்டதை மறையாது அறிவிப்பதும், அறிஞர் அகழ்ந்து துணிவதும் ஆகிய மூன்றும் இயைந்தவழியே நிலத்தின் எழுத்து வரலாறாகும்.